நர்சிங் டயக்னோசிஸ் எழுதும்போது: செய்முறைத் தேர்வு தந்த தெளிவு

நர்சிங் டயக்னோசிஸ் என்பது நோயின் பெயர் அல்ல; நோயாளியிடம் செவிலியர் கண்டறிந்து பராமரிக்க வேண்டிய பிரச்சினை. செய்முறைத் தேர்வில் நான் எதிர்கொண்ட தேர்வாளர்கள், கேர் பிளான் எனப்படும் பராமரிப்புத் திட்டத்தில் அதன் காரணத்தைச் சொல்லும் ‘ரிலேட்டட் டு’ என்பதற்குப் பின் என்ன எழுதியிருக்கிறது என்பதையே முதலில் பார்த்தார்கள். அங்கே ‘நிமோனியா’ என்று எழுதியிருந்தால் அடுத்த கேள்வி உறுதி: நிமோனியாவைச் செவிலியராக நீங்கள் எப்படி மாற்றப் போகிறீர்கள்?

பிரச்சினை, காரணம், அறிகுறிகள் என்னும் மூன்று பகுதி வாக்கியத்தை முதலாண்டிலேயே மனப்பாடம் செய்துவிடுகிறோம். ஆனால் காரணப் பகுதியில் வருவது, செவிலியர் தம் பராமரிப்பால் மாற்றவோ தணிக்கவோ கூடியதாக இருக்க வேண்டும். நிமோனியாவுடன் படுத்திருக்கும் முதியவர் ஒருவருக்குச் சளி கெட்டியாகி, இருமும் வலுவும் குறைந்து, நுரையீரலில் கிராக்கிள்ஸ் எனப்படும் படபடவென வெடிப்பது போன்ற ஒலி கேட்கிறது. மூச்சு நிமிடத்துக்கு 28, ஆக்சிஜன் செறிவு 90 சதவீதம். இவருக்கு ‘சுவாசப் பாதையைச் சுத்தமாக வைத்திருக்க இயலாமை’ என்பது பிரச்சினை. கெட்டியான சளியும் வலுவற்ற இருமலும் காரணம். கண்டதும் அளந்ததும் சான்று. இப்படி எழுதிவிட்டால் ஃபவுலர்ஸ் நிலையில், அதாவது தலைப்பகுதியை உயர்த்திச் சாய்ந்தவாறு, அமர்த்துவது, இருமப் பயிற்றுவது, இதய, சிறுநீரகக் கோளாறு இல்லையெனில் கூடுதலாக நீர் அருந்தச் செய்வது என்று செயல்கள் காரணத்திலிருந்தே வந்துவிடும். பக்கத்துக் கட்டிலில் அதே நிமோனியாவுடன் இருக்கும் இளைஞருக்குச் சளித் தொல்லை இல்லாமல், குளியலறைக்கு நடந்தாலே மூச்சு வாங்கினால், அவருக்கு எழுத வேண்டியது ‘செயல்பாட்டைத் தாங்க இயலாமை’.

இன்னும் வராத, ஆனால் வரக்கூடிய பிரச்சினையைச் சொல்லும் ‘ரிஸ்க்’ வகை டயக்னோசிஸில், சான்றாக அறிகுறிகள் வராது; ஆபத்துக் காரணிகள் மட்டுமே வரும். அறுவைக் காயத்துக்கு ‘தொற்று ஏற்படும் ஆபத்து’ என்று எழுதிவிட்டு, காய்ச்சலையும் சீழையும் சான்றாகச் சேர்ப்பவர்கள் ஏராளம். சீழ் வந்துவிட்டால் ஆபத்து என்னும் கட்டம் கடந்துவிட்டது. உடனே மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டிய நிலை அது.

வரிசைப்படுத்துவதில் சுவாசமும் இரத்த ஓட்டமும் முன்னே நிற்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. ‘பதற்றம்’ என்பதைக் கடைசி இடத்துக்காக எல்லாக் கேர் பிளானிலும் ஒட்டிவைக்கும் வழக்கம்தான் எனக்கு உடன்பாடில்லாதது. நோயாளி தூங்கவில்லை, அறுவையைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கிறார் என்பது போல ஏதேனும் ஒன்றைப் பதிவு செய்திருந்தால் மட்டும் அதை எழுதுங்கள். வைவா எனப்படும் வாய்மொழித் தேர்வில் ‘இதற்கு என்ன சான்று’ என்று கேட்கும்போது காட்ட உங்களிடம் ஒரு வரியாவது இருக்கும்.