ஆனாரா, ஆனானா

"சார், இவருக்கு 'ர்' போடலாமா?"

2025 நவம்பர் 11 ராத்திரி, என் பக்கத்து சீட்டில் இருக்கும் சப் எடிட்டர் கேட்டார். டெஸ்குக்கு வந்து ஒன்றரை வருடம்தான் ஆகிறது, ஆனால் சந்தேகம் தீராமல் எதையும் பக்கத்துக்கு அனுப்பமாட்டார். அன்றைக்கு முதல் பக்கம் முழுக்க டெல்லி செங்கோட்டை குண்டுவெடிப்பும் பிகார் வாக்குப்பதிவும். உள்ளே, தேசியச் செய்திப் பக்கத்தில் மிச்சம் இருந்த இரண்டு காலம் இடத்தில்தான், 2006-ல் நொய்டாவில் ஒரு வீட்டுச் சாக்கடையில் எலும்புகள் கிடைத்த நிதாரி வழக்குக்கு இடம் கிடைத்தது. சுரீந்தர் கோலியின் மறுசீராய்வு மனுவை உச்ச நீதிமன்றம் ஏற்று, கடைசியாக மிஞ்சியிருந்த ஒரு வழக்கிலிருந்தும் விடுவித்துவிட்டது. "கோலி விடுதலை செய்யப்பட்டார்" என்று அடித்திருந்தார். அந்த 'ர்'-க்குப் பக்கத்தில் கர்சர் துடித்துக்கொண்டிருந்தது.

"போடுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். நான் கீபோர்டை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். தலைப்பை "நிதாரி வழக்கு: கோலி விடுதலை" என்று மாற்றினேன். உள்ளே "கைது செய்யப்பட்டார்" என்று இருந்ததை "கைது நடவடிக்கை மேற்கொள்ளப்பட்டது" என்று திருப்பினேன். "சிறையில் இருந்தார்" என்பது "சிறைவாசம் நீடித்தது" என்று ஆனது. 'ர்'-உம் இல்லை, 'ன்'-உம் இல்லை. அவர் ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டு, "சார், செய்தியில ஆளே இல்லையே" என்றார்.

"நேரமாச்சும்மா, பக்கத்தை விடுங்க" என்றேன்.

நேரம் ஆகவில்லை. வெளியூர் பதிப்புக்கு இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது.

தமிழ் டெஸ்கில் வேலை பார்த்தவர்களுக்கு இது தெரியும். செய்தி ஏஜென்சிகளின் ஆங்கிலக் காப்பியில் எல்லோருக்கும் ஒரே 'ஹி'தான். கொலைகாரனும் 'ஹி', நீதிபதியும் 'ஹி'. அதைத் தமிழாக்கும்போதுதான் யாருக்கு 'ர்', யாருக்கு 'ன்' என்று நாம் முடிவு செய்கிறோம். குற்றப்பத்திரிகை தாக்கலாகி, விசாரணை நடந்து, தீர்ப்பு வர வருடக்கணக்காகும். நாம் கைதான அன்றே வினைமுற்றில் தீர்ப்பு எழுதிவிடுகிறோம்.

நான் வேலை கற்றுக்கொண்ட அண்ணனிடம் ஆரம்பத்தில் இதைக் கேட்டிருக்கிறேன். ஆட்டோ சங்கர் வழக்கை கைதிலிருந்து 1995-ல் சேலம் சிறையில் தூக்கிலிட்டது வரை டெஸ்கில் பார்த்தவர் அவர். "தம்பி, கொலைகாரனுக்கு நீ 'ர்' போட்டா, புள்ளையப் பறிகொடுத்தவன் காலையில பேப்பரைப் பிரிச்சுப் பார்த்து என்ன நினைப்பான்?" என்றார். அந்தக் கேள்விக்கு இன்று வரை என்னிடம் பதில் இல்லை. அவர் வாயில் அந்தப் பறிகொடுத்தவனுக்கும் 'ன்'தான் வந்தது என்பது இப்போதுதான் உறைக்கிறது.

அன்று ராத்திரி வீட்டுக்குப் போய்த் தூங்க முடியவில்லை. அடுத்த நாள் எனக்கு வார விடுமுறை. ஆனாலும் மத்தியானம் ஆபீசுக்குப் போய், பழைய பேப்பர்கள் பைண்ட் செய்து வைத்திருக்கும் அறையில் 2007 ஜனவரித் தொகுப்பை எடுத்துப் பார்த்தேன்.

நொய்டா, செக்டர் 31. டி-5 என்ற வீட்டின் பின்புறச் சாக்கடையில் 2006 டிசம்பர் 29 அன்று எலும்புகளும் மண்டையோடுகளும் கிடைத்தன. பக்கத்திலேயே நிதாரி கிராமம். பிழைப்புக்காக வந்து குடியேறிய கூலிக் குடும்பங்கள் அங்கே அதிகம். அவர்களுடைய குழந்தைகள் காணாமல் போவது அதற்கு வெகு முன்பே தொடங்கியிருந்தது, பெற்றவர்கள் போலீசிடம் நடையாய் நடந்தார்கள், யாரும் காது கொடுக்கவில்லை. வீட்டு உரிமையாளர் மொனிந்தர் சிங் பாந்தரும் வீட்டு வேலைக்கு இருந்த கோலியும் கைதானார்கள். ஜனவரியில் வழக்கு சிபிஐ கைக்குப் போனது.

அந்த வாரத்துப் பக்கம் ஒன்று. ஒரே செய்தி, ஒரே பத்தி. "தொழிலதிபர் பாந்தர் கைது செய்யப்பட்டார். அவரது வேலைக்காரன் கோலியும் பிடிபட்டான்."

இரண்டு பேர் மீதும் அன்று ஒரே சந்தேகம்தான். எந்த நீதிமன்றமும் யாரையும் அப்போது குற்றவாளி என்று சொல்லியிருக்கவில்லை. பங்களா வைத்திருந்தவருக்கு 'ர்', பாத்திரம் தேய்த்தவனுக்கு 'ன்'.

இது அண்ணன் திருத்தியது என்றுதான் முதலில் நினைத்தேன். இத்தனை வருடமாக அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், நான் 'ர்' போட்டேன், அவர் அடித்துவிட்டு 'ன்' போட்டார் என்று. தேதியைப் பார்த்தேன். போகிக்கு முந்தைய நாள். பொங்கல் வாரத்தில் அண்ணன் ஊரில் இருக்கமாட்டார், ஒரு வருடம்கூடத் தவறியதில்லை. அந்தப் பக்கத்தை நான்தான் பார்த்தேன். அந்த 'ன்' என்னுடையது. யாரும் சொல்லாமலே என் கை அதை அடித்திருக்கிறது.

சரி, அன்றைக்கு நாடே அப்படித்தானே பேசியது என்று சொல்லிக்கொள்ளலாம். நிதாரி வழக்குகளில் ஒன்றில், 2009 பிப்ரவரியில் காசியாபாத் சிபிஐ நீதிமன்றம் இரண்டு பேருக்குமே தூக்கு விதித்தது. அதே வருடம் அலகாபாத் உயர் நீதிமன்றம் பாந்தரை அந்த வழக்கில் விடுவித்து, கோலியின் தண்டனையை உறுதி செய்தது. 2011-ல் உச்ச நீதிமன்றமும் சரி என்றது. அத்தனை நீதிபதிகள் நம்பிய கோலியின் ஒப்புதல் வாக்குமூலத்தை ஒரு சப் எடிட்டர் நம்பியது பெரிய தப்பா?

தப்பில்லை என்று தோன்றும்போதெல்லாம் 2014 செப்டம்பர் ஞாபகத்துக்கு வருகிறது. கருணை மனு நிராகரிக்கப்பட்டு, மீரட் சிறையில் தூக்குக்கு ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. நள்ளிரவு தாண்டி உச்ச நீதிமன்றத்தில் தடை வாங்கினார்கள். அந்தத் தடை கிடைத்திருக்காவிட்டால் "தூக்கிலிடப்பட்டான்" என்ற செய்தியை நான்தான் பக்கத்தில் வைத்திருப்பேன். சின்னத் தயக்கம்கூட வந்திருக்காது. 2015-ல், கருணை மனுவை முடிவு செய்வதில் ஏற்பட்ட தாமதத்தைக் காட்டி அந்தத் தூக்கு ஆயுளாகக் குறைக்கப்பட்டது.

2023 அக்டோபர் 16 அன்று அலகாபாத் உயர் நீதிமன்றம் 12 வழக்குகளில் கோலியையும் 2 வழக்குகளில் பாந்தரையும் விடுவித்தது. சுமார் 60 நாள் காவலில் வைத்திருந்துவிட்டு, சட்ட உதவி கொடுக்காமல், மருத்துவப் பரிசோதனையும் செய்யாமல் வாங்கிய ஒப்புதல் வாக்குமூலம் அது. உடலுறுப்பு வியாபாரம் நடந்திருக்குமா என்ற கோணத்தை மத்திய அரசின் குழுவே விசாரிக்கச் சொல்லியும் யாரும் முறையாக விசாரிக்கவில்லை. விசாரணை நடந்த லட்சணம் மக்களின் நம்பிக்கைக்குச் செய்த துரோகம் என்கிற அளவுக்கு அந்தத் தீர்ப்பு பேசியது. அதற்கு எதிரான அப்பீல்கள் 2025 ஜூலையில் தள்ளுபடியாயின. அதே ஆதாரங்களை நம்பி, 2009-ல் தூக்கு விதிக்கப்பட்ட அந்த 13-ஆவது வழக்கில் மட்டும் ஒருவரைக் குற்றவாளியாக வைத்திருக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் நவம்பரில் சொன்னது. உண்மையான குற்றவாளி யார் என்பது சட்டப்படி நிரூபணமாகாமல் போனதற்கு அதே தீர்ப்பில் வருத்தமும் தெரிவித்தது.

இதையெல்லாம் படித்தபிறகும் எனக்கு 'ர்' போடக் கை வரவில்லை. ஏன்? சட்டம் புரியாமல் இல்லை. சந்தேகம் எவ்வளவு பலமாக இருந்தாலும் ஆதாரம் ஆகாது, அது எனக்கும் தெரியும். ஆனால் 'ர்' போட்டால் அந்தச் சாக்கடையை மூடிவிடுகிற மாதிரி ஏதோ ஒன்று உள்ளே தடுத்தது. இவர் இல்லை என்றால் வேறு யார் என்ற கேள்விக்கு நாட்டில் யாரிடமும் பதில் இல்லை. பதில் இல்லாத இடத்தில் பழைய பெயரையே வைத்துக்கொண்டால் மனசுக்கு ஒரு பிடிமானம் கிடைக்கிறது. அந்தப் பிடிமானத்துக்காக ஒரு மனிதர் கிட்டத்தட்ட 19 வருடம் உள்ளே இருந்திருக்கிறார்.

இப்படி எழுதும்போது 'மனிதர்', 'இருந்திருக்கிறார்' என்று வந்துவிட்டது. இங்கே வந்தது அன்று ராத்திரி ஏன் வரவில்லை என்று தெரியவில்லை. இங்கே காலையில் பேப்பரைப் பிரிக்கப்போகிற தகப்பன் யாரும் கண் முன்னால் நிற்கவில்லை என்பதாலா? அண்ணன் கேட்டது அவ்வளவு ஆழமாகப் பதிந்துவிட்டதா? அண்ணன் மேலேயே மறுபடி பழி போடுகிறேனோ?

எல்லோருக்கும் 'ர்' போட்டுவிடுவோம், பிரச்சினை தீர்ந்தது என்று இளையவர்கள் சொல்கிறார்கள். பல இடங்களில் அப்படி மாறியும் வருகிறது. நான் அதற்கு எதிரி இல்லை. ஆனால் 2007 பைலில் "எட்டு வயதுச் சிறுமி, கடைக்குப் போனவள் திரும்பவில்லை" என்று ஒரு வரி இருக்கிறது. அந்த 'ள்' நம் வீட்டுக் குழந்தையைச் சொல்கிற 'ள்'. நெருக்கத்துக்கும் அருவருப்புக்கும் ஒரே மரியாதைக் குறைவைத்தான் நம் மொழி வைத்திருக்கிறது. எது எதற்கு என்று எழுதுகிறவனுக்குத்தான் தெரியும், அவனுக்கும் சில ராத்திரிகளில் தெரிவதில்லை.

நவம்பர் 13 பேப்பரில், கோலி சிறையிலிருந்து வெளியே வந்த செய்தியில் "வந்தார்" என்று இருந்தது. நான் லீவில் இருந்ததால் அந்த சப் எடிட்டரே முடிவு செய்து போட்டிருக்கிறார். நான் இருந்திருந்தால் விட்டிருப்பேனா? விட்டிருப்பேன் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது.

அவரிடம் இதைப் பற்றி இன்னும் பேசவில்லை. பேசலாம் என்று போன வாரம் அன்றைய காப்பியைச் சிஸ்டத்தில் திறந்து பார்த்தேன். அவர் அனுப்பிய வடிவத்தில் கடைசியில் ஒரு பத்தி கூடுதலாக இருந்தது. நிதாரியில் பிள்ளைகளைப் பறிகொடுத்த குடும்பங்கள் பற்றி நான்கு வரி. வினைமுற்றுகளை நீட்டி நீட்டி எழுதியதில் இடம் போதாமல், அதை நான் வெட்டியிருக்கிறேன். வெட்டியது எனக்கு ஞாபகமே இல்லை. "செய்தியில ஆளே இல்லையே" என்று அவர் சொன்னது எதைப் பார்த்து என்று இப்போது எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.