ரெதாக்தர் பரீட்சைக்குத் தெபார்த்மான் சபையைப் படிப்பது எப்படி

பிரான்சில் பிறந்து வளர்ந்த எங்கள் பிள்ளைகளும், இடையில் வந்து குடியுரிமை எடுத்தவர்களும் உள்ளூராட்சி வேலை தேடும்போது முதலில் கண்ணில் படுவது பெரும்பாலும் ரெதாக்தர் தெரித்தோரியால் என்ற நிர்வாக அலுவலர் பதவிக்கான போட்டிப் பரீட்சைதான். அரச சேவைக்கு வெளியே இருப்பவர்களுக்கான பிரிவுக்குப் பாக் என்ற பள்ளி இறுதிச் சான்றிதழ் இருந்தால் போதும். பிரெஞ்சுக் குடியுரிமையோ ஐரோப்பிய ஒன்றிய நாடொன்றின் குடியுரிமையோ வேண்டும். எழுத்தில் இரண்டு தாள்கள், ஒவ்வொன்றும் 3 மணி நேரம். முதல் தாளில் ஒரு கட்டு ஆவணங்களைத் தந்து அதிலிருந்து குறிப்பு எழுதச் சொல்வார்கள். இரண்டாவதில் நீங்கள் தெரிவு செய்த துறையில் சில கேள்விகள் வரும். அதைத் தாண்டினால் 20 நிமிட நேர்முகம். எந்தத் தாளிலும் 20க்கு 5க்குக் கீழே போனால் கதை முடிந்தது.

நான் பொதுச் சட்டத்தைத் தெரிவு செய்து எழுதினேன். இப்போது ஒரு தெபார்த்மான் சபையில் வேலை. பிரான்சில் உள்ளூராட்சி மூன்று படி: கொம்யூன் என்ற ஊருக்கு மேரி, அதற்கு மேல் மாவட்டம் போன்ற தெபார்த்மான், அதற்கும் மேல் மாகாணம் போன்ற ரெஜியோன். பரீட்சைக்குத் தயாராகும் தம்பி தங்கைமார் என்னிடம் அடிக்கடி சொல்வது இதுதான்: "அக்கா, மேரி விளங்குது, ரெஜியோனும் ஓரளவுக்கு விளங்குது, இந்தத் தெபார்த்மான்தான் பிடிபடுதில்லை." அவர்களைக் குறை சொல்ல முடியாது. மேரி வாசலில் எல்லோரும் நின்றிருக்கிறோம். தெபார்த்மான் சபையோ வீட்டுக்குள் வரை வந்துவிட்டும் பெயர் சொல்லாமல் இருக்கும். குழந்தைக்கு ஊசி போடக் கொண்டுபோகும் பேஎம்ஈ என்ற தாய்சேய் நல நிலையம் பெரும்பாலும் அதனுடையது. பிள்ளை போகும் கொலேஜ் என்ற இடைநிலைப் பள்ளியின் கட்டடமும், அங்கே சாப்பாடு சமைப்பவரின் சம்பளமும் அதன் பொறுப்பு. தனியே இருக்கும் வயதான அம்மாவுக்கு உதவிக்கு ஆள் வர ஆபா என்ற கொடுப்பனவைத் தருவதும் அதுதான்.

கடைகளில் கிடைக்கும் தயாரிப்புப் புத்தகங்கள் இந்த வேலைகளைப் பட்டியலாகப் போட்டிருக்கும். பட்டியலைப் பாடமாக்குவதால் பெரிய பயன் இல்லை என்பது என் அபிப்பிராயம். யார் முடிவெடுக்கிறார், யார் பணம் கட்டுகிறார் என்ற இரண்டு கேள்விகளைக் கையில் வைத்துக்கொண்டு படியுங்கள். பட்டியல் தானாக மனதில் நிற்கும்.

முதலில் பிரெபேயையும் சபைத் தலைவரையும் பிரித்துப் பாருங்கள். விடைத்தாளில் இந்த இருவரையும் குழப்பினால் திருத்துபவருக்கு மற்றதெல்லாம் சந்தேகமாகிவிடும். பிரெபே, யாழ்ப்பாணத்தில் கச்சேரியில் இருக்கும் அரசாங்க அதிபரைப் போல மத்திய அரசு அனுப்பிய ஆள். சபைத் தலைவர் மக்கள் தெரிவு செய்த உறுப்பினர்கள் தங்களுக்குள் தெரிவு செய்துகொண்டவர். இருவரும் ஒரே நிலப்பரப்பில், சில ஊர்களில் பக்கத்துப் பக்கத்துக் கட்டடங்களில் இருப்பதுதான் சிக்கல். பரிசுக்குப் பக்கத்துப் பொபினியில் பிரெபெக்சருக்கு, அதாவது பிரெபேயின் அலுவலகத்துக்கு, வதிவிட அட்டைக்காக நடந்தவர்கள், தெபார்த்மான் சபையின் தலைமையகமும் அதே ஊரில்தான் என்பதைக் கவனித்திருக்க மாட்டார்கள்.

இந்தப் பிரிவு வந்த கதையை நான்கு ஆண்டு இலக்கங்களை வைத்தே சொல்லிவிடலாம். 1790இல் புரட்சி அரசு பழைய மாகாணங்களைக் கலைத்து நாட்டை 83 தெபார்த்மான்களாக வெட்டியது. 1800இல் போனபார்ட் ஒவ்வொன்றுக்கும் ஒரு பிரெபேயை நியமித்தார். 1871 ஆகஸ்ட் 10 சட்டம் காந்தோன் என்ற தேர்தல் தொகுதிக்கு ஓர் உறுப்பினர் என்று மக்கள் வாக்கால் தெரிவாகும் சபையை உறுதிப்படுத்தியது. ஆனால் அந்தச் சபையின் முடிவுகளை நிறைவேற்றுபவர் பிரெபேயாகவே இருந்தார். 1982 மார்ச் 2 சட்டம்தான் அதை மாற்றியது. அப்போதைய உள்துறை அமைச்சர் கஸ்தோன் தெஃபேரின் பெயரால் அறியப்படும் அந்தச் சட்டத்தோடு நிறைவேற்று அதிகாரம் சபைத் தலைவரின் கைக்கு வந்தது. சபை கூடித் தீர்மானிக்க, அதைப் பிரெபே தன் ஆட்களைக் கொண்டு செய்துமுடித்த காலம் 111 ஆண்டுகள் நீண்டது. இந்த ஒரு வரியை எழுதினாலே 1982 ஏன் முக்கியம் என்பது விளங்கிவிடும்.

பழைய நூல்களில் இந்தச் சபைக்குக் கொன்சேய் ஜெனெரால் என்று பெயர் இருக்கும். 2013 மே 17 சட்டம் அதைக் கொன்சேய் தெபார்த்மாந்தால் என்று மாற்றியது. 2015 தேர்தலிலிருந்து புதிய பெயர் நடைமுறையில் இருக்கிறது. பாண்டிச்சேரியிலும் 1879 முதல் கொன்சேய் ஜெனெரால் என்று ஒரு சபை இருந்தது. அது குடியேற்ற நாட்டுச் சபை, பரீட்சைக்கு வராது. புதுச்சேரிக் குடும்பத்துப் பிள்ளைகள் தாத்தாவிடம் கேட்டுப் பார்க்கலாம், அவ்வளவுதான்.

அடுத்து நான் எல்லோரையும் செய்யச் சொல்வது: உங்கள் தெபார்த்மான் சபையின் இணையத்தளத்துக்குப் போய், போன கூட்டத்தின் ஒரே ஒரு தீர்மானத்தை இறக்கி, அச்செடுத்து, பேனாவோடு உட்காருங்கள். கொலேஜ் ஒன்றின் கூரை திருத்துவது பற்றிய சாதாரணத் தீர்மானமாக இருந்தால் இன்னும் நல்லது. மேலே "வ்யூ" என்று தொடங்கும் வரிகள் வரிசையாக இருக்கும்: இன்ன சட்டக்கோவையைப் பார்த்து, இன்ன வரவுசெலவுத் தீர்மானத்தைப் பார்த்து, தலைவரின் அறிக்கையைப் பார்த்து. சபைக்கு எந்த அதிகாரம் எங்கிருந்து வருகிறது என்பது அந்த வரிகளிலேயே இருக்கிறது. பிறகு "விவாதித்த பின்" என்ற சொற்றொடர், அதன் கீழே இலக்கமிட்ட முடிவுகள். முடிவுகளில் ஒன்று "ஒப்பந்தத்தில் கையெழுத்திடத் தலைவருக்கு அதிகாரம் அளிக்கிறது" என்று இருக்கும். சபை தீர்மானிக்கிறது, தலைவர் நிறைவேற்றுகிறார் என்று புத்தகம் சொல்வது இந்த வரிதான்.

கடைசியாக, தீர்மானம் பிரெபெக்சருக்குப் போய்ச் சேர்ந்த திகதி ஓரத்தில் பதிந்திருக்கும். அதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். வெளியிட்டு, பிரெபெக்சருக்கு அனுப்பினால் தீர்மானம் நடைமுறைக்கு வந்துவிடுகிறது. பிரெபேயின் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. அது சட்டத்துக்கு மாறானது என்று அவர் நினைத்தால் 2 மாதத்துக்குள் நிர்வாக நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகலாம். தானாக அதை ரத்துச் செய்ய அவரால் முடியாது. "பிரெபே அங்கீகரிக்கிறார்" என்று எழுதினால் 1982க்கு முந்திய பிரான்சைப் பற்றி எழுதுகிறீர்கள் என்று அர்த்தம்.

தீர்மானத்தின் தலைப்பில் முழுச் சபை என்று இருக்கிறதா, கொமிசியோன் பெர்மனாந்த் (நிரந்தரக் குழு) என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். சபை குறைந்தது 3 மாதத்துக்கு ஒரு தடவை கூட வேண்டும். இடையில் வரும் வேலைகளை நிரந்தரக் குழுவிடம் ஒப்படைக்கலாம். தலைவர், உபதலைவர்கள், வேறு சில உறுப்பினர்கள் அதில் இருப்பார்கள். வரவுசெலவுத் திட்டத்தை மட்டும் ஒப்படைக்க முடியாது, அதை முழுச் சபையேதான் வாக்களித்து முடிக்க வேண்டும்.

தேர்தல் முறைக்கு வருவோம். உலகத்திலேயே விசித்திரமான முறைகளில் ஒன்று இது என்று நினைக்கிறேன். 2015 முதல் ஒவ்வொரு காந்தோனிலும் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் சேர்ந்து பினோம் என்ற இணையாக நிற்க வேண்டும், வாக்கு இணைக்குத்தான். வென்ற பிறகு இருவரும் தனித்தனி உறுப்பினர்கள், ஒருவர் இடப்பக்கமும் மற்றவர் வலப்பக்கமும் வாக்களித்தாலும் கேட்க முடியாது. உறுப்பினர் தொகை இரட்டிப்பாகாமல் இருக்கக் காந்தோன்களை 4,035இலிருந்து 2,054 ஆகக் குறைத்தார்கள். பொபினி இருக்கும் சேன்-சான்-தெனி தெபார்த்மானில் 40 காந்தோன்கள் 21 ஆகின, உறுப்பினர்கள் 42. பதவிக்காலம் 6 ஆண்டுகள்.

முதல் சுற்றிலேயே வெல்ல, போட்ட வாக்குகளில் பாதிக்கு மேலும் பதிவு செய்த வாக்காளரில் 25 வீதமும் வேண்டும். இரண்டாம் சுற்றுக்குப் போகப் பதிவு செய்தவர்களில் 12.5 வீதம் வேண்டும். இதைக் கணக்காகச் செய்து பாருங்கள். ஒரு காந்தோனில் 40,000 வாக்காளர், அதில் 30 வீதம் பேர் வந்து செல்லுபடியாகும் 12,000 வாக்குகள் விழுந்தன என்று வைப்போம். 12.5 வீதம் என்பது 5,000 வாக்குகள், அதாவது விழுந்த வாக்குகளில் 41 வீதத்துக்கும் மேல். முதல் சுற்றில் வெல்ல 10,000 வாக்குகள் வேண்டும், அது 83 வீதம்! மக்கள் வராவிட்டால் மூன்றாவது இணைக்கு வழியே இல்லை. ஒருவருமே 12.5ஐத் தொடாவிட்டால் முதல் இரண்டு இணைகள் போகும். 2021 ஜூனில் கொவிட்டால் தள்ளிவைத்து நடந்த தேர்தலின் முதல் சுற்றில் நாடு முழுவதும் மூன்றில் ஒரு பங்கினர்தான் வாக்களித்தார்கள், ஆகவே இது வெறும் கற்பனைக் கணக்கு இல்லை. விடைத்தாளில் இப்படி ஒரு சிறு கணக்கைப் போட்டால் சட்டத்தை ஒப்புவிக்கும் கூட்டத்திலிருந்து நீங்கள் தனியே தெரிவீர்கள்.

முதல் சுற்றுக்குப் பிறகு வரும் இரண்டாவது வியாழக்கிழமை புதிய சபை தானாகவே கூடும். வயதில் மூத்த உறுப்பினர் தலைமை தாங்க, இளையவர் செயலாளராக இருக்கத் தலைவர் தெரிவு நடக்கும். முதல் இரண்டு சுற்றில் அறுதிப் பெரும்பான்மை, மூன்றாவதில் கூடுதல் வாக்கு, சமமானால் வயதில் மூத்தவர். உபதலைவர்கள் 15 பேருக்கு மேல் இருக்க முடியாது. இதற்கு மேல் இந்தப் பகுதியில் நேரம் செலவழிக்க வேண்டாம்.

நேரத்தைப் பணப் பகுதியில் போடுங்கள். வருமானம் குறைந்தவர்களுக்கான எர்.எஸ்.ஆ, முதியோருக்கான ஆபா, மாற்றுத்திறனாளிகளுக்கான பே.சே.ஆஷ் என்று மூன்று கொடுப்பனவுகள். எவ்வளவு கொடுப்பது, யாருக்குக் கொடுப்பது என்ற அடிப்படை விதிகளை அரசு பரிசில் தீர்மானிக்கிறது. காசோலை எழுதுவது தெபார்த்மான். அரசு ஈடாகத் தரும் பணம் செலவை முழுவதும் மூடுவதில்லை என்பது எல்லாக் கட்சித் தலைவர்களுடைய பொதுவான புலம்பல். வரவுப் பக்கம் இன்னும் மோசம். வீட்டு உரிமையாளர் கட்டும் தக்ஸ் ஃபொன்சியேரில் இருந்த பங்கு 2021இல் கொம்யூன்களுக்குப் போய், பதிலாகத் தெவேஆ என்ற பெறுமதி சேர் வரியில் ஒரு பங்கு வந்தது. வீதத்தைத் தானே கூட்டிக் குறைக்க ஓரளவு இடமுள்ள பெரிய வரி என்று மிஞ்சியிருப்பது, வீடு வாங்கும்போது நொத்தேர் கந்தோரில் கட்டுகிறோமே, அதற்குள் இருக்கும் கைமாற்று வரி. 2023இல் வட்டி ஏறி வீடு விற்பனை சரிந்தபோது அதுவும் சரிந்தது. முதியோருக்கான செலவோ விற்பனையைப் பார்த்துக் குறைவதில்லை. கடன் வாங்கிச் சமாளிக்கலாமா என்றால், கடன் முதலீட்டுக்கு மட்டும்தான். அன்றாடச் செலவுக்கு வாங்க முடியாது. இந்தச் சங்கிலியை நிதானமாக ஒரு பக்கத்தில் எழுதத் தெரிந்தால் நிதிக் கேள்வி, சமூகநலக் கேள்வி, "சபைகள் சுதந்திரமாக இயங்குகின்றனவா" என்ற அரசியலமைப்புக் கேள்வி மூன்றுக்கும் அதே பக்கம் உதவும். சேன்-சான்-தெனி 2022 ஜனவரி 1 முதல் எர்.எஸ்.ஆ செலவைப் பரீட்சார்த்தமாக அரசிடமே திருப்பிக் கொடுத்தது நல்ல உதாரணம். அதிகாரத்தைக் கேட்டுப் போராடிய சபையொன்று அதில் ஒரு துண்டைத் திருப்பிக் கொடுத்து மூச்சு விட்டது.

2015 ஆகஸ்ட் 7 நோத்ர் சட்டத்தையும் இந்த இடத்தில் சேர்த்துப் படியுங்கள். அதுவரை தெபார்த்மான் தன் நலனுக்குரியது என்று கருதும் எதிலும் கைவைக்கலாம் என்றிருந்த பொது அதிகாரம் அதோடு போனது. பாடசாலைப் போக்குவரத்து 2017இல் ரெஜியோனுக்குப் போனது. ஆரம்பப் பாடசாலை கொம்யூனுக்கு, கொலேஜ் தெபார்த்மானுக்கு, லீசே என்ற உயர்நிலைப் பள்ளி ரெஜியோனுக்கு என்ற வரிசை மாறவில்லை. மூன்றிலும் ஆசிரியர் சம்பளம் அரசுடையதுதான் என்பதை எழுத மறக்கிறார்கள்.

விதிவிலக்குகள் ஒரு பொறி. தெபார்த்மான்கள் 101 என்று எழுதலாம், 101 தெபார்த்மான் சபைகள் என்று எழுதக் கூடாது. பரிசில் 2019 முதல் நகரமும் தெபார்த்மானும் ஒரே உள்ளூராட்சி அமைப்பு. லியோன் நகரப்பகுதியில் 2015 முதல் மெத்ரோபோல் என்ற பெருநகர அமைப்புத்தான் தெபார்த்மானின் வேலையைச் செய்கிறது. கோர்சிகா 2018, அல்சாஸ் 2021 என்று இணைப்புகள் வந்தன. பிரெஞ்சுக் கயானாவும் மார்தினிக்கும் தெபார்த்மானையும் ரெஜியோனையும் ஒரே சபையாக்கின. தமிழ் வம்சாவளியினர் நிறைய வாழும் ரெயூனியன் தீவு அப்படிச் செய்யவில்லை. ஒரே தீவில் தெபார்த்மான் சபை ஒன்று, ரெஜியோன் சபை ஒன்று, இரண்டுக்கும் வெவ்வேறு தேர்தல்.

நேர்முகத்தில் முதல் 5 நிமிடம் உங்களைப் பற்றி நீங்களே பேச வேண்டும். வீட்டில் பெரியவர்களுக்குப் படிவம் நிரப்பியதையும், சமூக சேவையாளரிடம் மொழிபெயர்க்கப் போனதையும் கூச்சப்படாமல் சொல்லுங்கள். தெபார்த்மானின் சேவையை வாசலுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்த அனுபவம் அது. பிறகு "தெபார்த்மான் இனியும் தேவையா" என்ற மாதிரிக் கேள்வி வரலாம். 2014இல் பிரதமராக இருந்த மனுவல் வால்ஸ் 2021க்குள் இந்தச் சபைகளை ஒழிப்போம் என்று நாடாளுமன்றத்திலேயே சொன்னார், நடக்கவில்லை. அரசியலமைப்பின் 72ஆம் பிரிவில் தெபார்த்மான் பெயரோடு இருப்பதால் முழுவதும் ஒழிக்க அரசியலமைப்பையே திருத்த வேண்டும். வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ ஒரு பக்கம் சாயலாம், காரணம் சொன்னால் போதும். கட்சிப் பேச்சு மட்டும் வேண்டாம்.

தேர்ச்சி பெற்றால் வேலை கிடைத்துவிட்டது என்று வீட்டில் கேக் வெட்டிவிடுவார்கள். கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். உங்கள் பெயர் லிஸ்த் தப்தித்யூத் என்ற தகுதிப் பட்டியலில்தான் ஏறுகிறது. பதவியை நீங்களே தேடி, மேரிக்கோ தெபார்த்மானுக்கோ விண்ணப்பித்து, அங்கேயும் நேர்முகத்துக்குப் போக வேண்டும். பட்டியலில் பெயர் 2 ஆண்டுகள் இருக்கும். அதன் பிறகு மூன்றாம், நான்காம் ஆண்டுக்கு நீட்டச் சொல்லி நீங்களே எழுத்தில் கேட்க வேண்டும். கேட்காமல் விட்டால் பெயர் போய்விடும், பரீட்சையை மறுபடி எழுத வேண்டியதுதான். ஆகவே பட்டியல் வந்த அன்றே முடிவுத் திகதியைக் கைபேசி நாட்காட்டியில் போட்டு, அதற்கு 2 மாதம் முன்னால் ஒரு மணியும் வைத்துவிடுங்கள்.