14 எம்எம் லென்ஸும் ஹார்ட்விக் ஹாலும்

செகண்ட் ஹேண்ட்ல ஒரு 14 எம்எம் பிரைம், அதாவது ஜூம் இல்லாத வைட் லென்ஸ் வாங்கினேன், எஃப் 2.8, பெரிய சென்சார் இருக்கற ஃபுல் ஃப்ரேம் கேமராவுக்கானது, ஃபோகஸ், அபெர்ச்சர் (வெளிச்சம் நுழையற துளை, எஃப் நம்பர் ஏற ஏற சின்னதாகும்) ரெண்டையும் கையாலதான் திருப்பணும். செங்கல் சுவரைப் படம் புடிச்சு டெஸ்ட் பண்ண எனக்குப் பொறுமை கிடையாது, அதனால டார்பிஷயர் ஹார்ட்விக் ஹாலுக்கு வீட்டுக்காரம்மாவையும் கூட்டிட்டுக் கெளம்பிட்டேன்.

பெஸ் ஆஃப் ஹார்ட்விக்னு, நாலு கல்யாணம் பண்ணி நாலு புருஷனும் போய்ச் சேர்ந்தப்புறம் 1590கள்ல அந்தம்மா கட்டின வீடு. கண்ணாடி யானை விலை வித்த காலம், இவங்க என்னடான்னா சுவரை விட ஜன்னலுக்குத்தான் அதிக இடம் விட்டிருக்காங்க. முக்கியமான ஹாலெல்லாம் மேல் மாடில, அதனால மேல போகப் போக ஜன்னலும் பெருசாகுது, சில ஜன்னலுக்குப் பின்னாடி ரூமே இல்ல, புகைபோக்கிதான் ஓடுது, வெளிய இருந்து சிமெட்ரியா தெரியணுமே, அதுக்காக. எங்க திரும்பினாலும் நேர்கோடு, வைட் லென்ஸோட வண்டவாளம் பூரா இங்க வெளிய வந்துடும்.

வந்துச்சு. முன்பக்கத்தை ஃப்ரேம் நிறைய எடுத்தா கைப்பிடிச் சுவர் கோடு நடுவுல மேல வளைஞ்சு ஓரத்துல திரும்ப நிமிருது, மீசை மாதிரி. கோடு பீப்பா மாதிரி வெளிய உப்பற சாதாரண பேரல் டிஸ்டார்ஷன்னா எடிட்டிங் சாஃப்ட்வேர்ல ஒரு ஸ்லைடர் இழுத்தா போயிடும், இதுக்கு இந்த லென்ஸோட வளைவுக்குன்னே இருக்கற லென்ஸ் ப்ரொஃபைல் போட்டாதான் அடங்குது, அப்பவும் லேசா மிச்சம் இருக்கு.

இன்னொண்ணு டவர். ஆறு டவர், கேமராவைக் கொஞ்சம் அண்ணாந்து புடிச்சாலும் ஆறும் உள்பக்கமா சாயுது. லெவல் கேஜ் பார்த்து கேமராவை நேரா வெச்சு, கீழ் பாதி பூரா பாதையும் புல்லும் வந்தா வரட்டும்னு எடுத்து, வீட்ல வந்து அதை வெட்டிட்டேன். கேமராவைச் சாய்க்காமலே லென்ஸை மட்டும் மேல நகர்த்தற ஷிஃப்ட் லென்ஸ் வாங்க வக்கில்லாதவன் வழி இதுதான், மெகாபிக்சல் போகும், கோடு நேரா நிக்கும்.

கார்னர் ஷார்ப்னெஸ் பார்க்க அந்தம்மாவே ஏற்பாடு பண்ணி வெச்சிருக்காங்க. பெஸ்ஸோட பேர் எலிசபெத் ஷ்ரூஸ்பரி, அதுக்கு ஈ, எஸ்னு ரெண்டு இங்கிலீஷ் எழுத்து, டவர் உச்சில கல்லுலயே செதுக்கினது. அதை மூலைல வெச்சு எஃப் 2.8ல எடுத்தா எஸ் எட்டு மாதிரி கலங்கித் தெரியுது, 5.6ல படிக்க முடியுது, எஃப் 8ல கல்லோட சொரசொரப்பு வரைக்கும் வருது. ரொம்பத் தூரத்துக்கு ஃபோகஸ் வைக்க லென்ஸ்ல போட்டிருக்கற இன்ஃபினிட்டி குறி பொய், நிஜ இன்ஃபினிட்டி கொஞ்சம் முன்னாடியே வந்துடுது, லைவ் வியூல ஜூம் பண்ணிப் பார்த்து டேப் ஒட்டி வெச்சிருக்கேன். எஃப் 8ல 80 சென்டிமீட்டர்ல ஃபோகஸ் விட்டா 40 சென்டிமீட்டர்ல இருந்து கடைசி வரைக்கும் தெளிவு, அப்புறம் ரிங்கைத் தொடவே வேணாம்.

உள்ள ஃப்ளாஷ் ட்ரைபாட் ரெண்டும் கூடாது, துணி வெளுத்துடும்னு பிளைண்டும் இறக்கி வெச்சிருக்காங்க. லாங் கேலரி 50 மீட்டர் சொச்சம் நீளம், சுவர்ல பைபிள்ல வர்ற கிடியன் கதை சொல்ற 13 தொங்குதிரை. 1592ல பெஸ் அதை செகண்ட் ஹேண்டா ஹாட்டன் குடும்பத்துக்கிட்ட வாங்கி, அவங்க முத்திரையை மறைக்க செலவாகும்னு 5 பவுண்டு குறைச்சாங்களாம், இந்த லென்ஸை வாங்கறப்ப அதோட ஹூட்ல (முன்னாடி மாட்டற வெளிச்ச மறைப்பு) இருந்த கீறலைக் காட்டி பேரம் பேசின எனக்கு ரொம்பப் புடிச்சுப் போச்சு. ஐஎஸ்ஓ 3200, எஃப் 4, 1/15 செகண்ட், கையிலயே நின்னுச்சு. மேனுவல் லென்ஸ்னா கேமரா மெனுல 14னு நீங்களேதான் போடணும், இல்லேன்னா கை நடுக்கத்தைச் சரிக்கட்டற ஸ்டெபிலைசேஷன் தப்பா ஆடும்.

ஆனா கேலரியோட பிரம்மாண்டம் படத்துல வரவே இல்ல, கடைசி சுவர் தபால்தலை சைஸுக்குப் போயிடுச்சு. முழுசா அடக்கணும்னு பின்னாடி போகாம, திரைக்கு ஓரமா ஒட்டி நின்னு, பக்கத்துல இருக்கற நெசவு பெருசா, நீளம் பின்னால ஓடற மாதிரி எடுத்தப்பதான் ஆழம் வந்துச்சு. ஓரத்துல ஆளை மட்டும் நிக்க வைக்காதீங்க. "என்னங்க, நான் இவ்ளோ அகலமாவா இருக்கேன்?"னு கேள்வி வந்து, அந்த ஃபைல் அங்கயே டெலீட் ஆச்சு.

லென்ஸை வெச்சுக்கறதா முடிவு. அடுத்து நட்சத்திரம் எடுத்து எஃப் 2.8ல கோமா, அதாவது ஓரத்து நட்சத்திரம் வால் முளைச்ச மாதிரி இழுபடறது, எவ்ளோன்னு பார்க்கணும், பீக் டிஸ்ட்ரிக்ட்ல மேகம் விட்டாத்தான்.