விடியற்கால நெஞ்சுவலிக்கு மருந்து அமைந்த விதம்

குடியாத்தத்தில் தறி ஓட்டும் எனக்கு, நெஞ்சுவலி ஒருநாளும் வேலையின்போது வந்ததில்லை. விடியற்காலையில், அசையாமல் படுத்திருக்கும்போதே வந்தது. நாக்கின் அடியில் சார்பிட்ரேட் என்ற நைட்ரேட் மாத்திரையை வைத்தால் சில நிமிடங்களில் விட்டுவிடும். பகலில் எடுத்த ஈசிஜி, ஓடும் பட்டையில் நடக்கவைத்துப் பார்க்கும் டிஎம்டி இரண்டிலும் குறை தெரியாததால், படபடப்புக்கென்று ஒரு மருத்துவர் இதயத்துடிப்பைக் குறைக்கும் புரோப்ரனலால் எழுதிக்கொடுத்தார். அதன்பின் வலி முன்பைவிட நீண்ட நேரம் நின்றது.

வேலூரில் மணிக்கட்டு வழியாக ஆஞ்சியோகிராம் செய்தபோது அடைப்பு எதுவும் இல்லை. அத்துடன் முடிக்காமல், குழாய் சுருங்குகிறதா என்று பார்க்க, இதய இரத்தக்குழாய்க்குள் அசிடைல்கோலின் என்ற மருந்தைச் சிறிது சிறிதாகச் செலுத்தினார்கள். உட்சுவர் நலமாக இருந்தால் இம்மருந்து அங்கே நைட்ரிக் ஆக்சைடைச் சுரக்கச் செய்து குழாயை விரிக்கும். உட்சுவர் கெட்டிருந்தால் தசையை நேரடியாக இறுக்கிவிடும். எனக்கு அதே பழைய வலி வந்தது, இதயத் தசைக்கு இரத்தம் போதவில்லை என்று காட்டும்படி ஈசிஜியிலும் எஸ்டி என்னும் பகுதி மேலே ஏறியது. உடனே நைட்ரேட் வகை மருந்தான நைட்ரோகிளிசரினைக் குழாய்க்குள்ளேயே செலுத்தினார்கள். பிறகு மருத்துவர் காட்டிய பதிவில், நூல்போல் சுருங்கியிருந்த இடம் நன்றாக விரிந்ததையும், பக்கத்துப் பகுதிகள் கொஞ்சமே அகன்றதையும் பார்த்தேன். அந்த இடத்துத் தசை எப்போதுமே சற்று முறுக்கேறியிருப்பதாலும், அதற்குத் தேவையான நைட்ரிக் ஆக்சைடு அங்கே போதாமல் இருப்பதாலும், வெளியிலிருந்து அதைத் தரும் நைட்ரேட்டுக்கு அப்பகுதி கூடுதலாக இணங்குகிறது என்று விளக்கினார். 1959ஆம் ஆண்டிலேயே பிரின்ஸ்மெட்டல் என்ற மருத்துவர் விவரித்த நோய் இது, இதயக்குழாய் திடீரெனச் சுருங்குவதால் வரும் நெஞ்சுவலி என்பதைக் கேட்டபோது எனக்குச் சற்று எரிச்சலாகத்தான் இருந்தது.

அப்படியானால் நைட்ரேட்டையே தினமும் விழுங்கலாமே என்று கேட்டேன். இடைவெளியின்றி உடலில் இருந்தால் அதன் வேலை மழுங்கிவிடுமாம். ஆகவே வலி வராமல் தடுக்க, தசைக்குள் கால்சியம் புகுவதைக் குறைக்கும் டில்டியாசெம் தந்து, இரவு வேளை மாத்திரையைப் படுக்கும்முன் போடச் சொன்னார். சுருக்கம் நள்ளிரவுக்கும் காலைக்கும் இடையில் மிகுதி என்பதே காரணம். குழாய் இறுக்கத்தை அதிகமாக்கக்கூடிய புரோப்ரனலாலைப் படிப்படியாக நிறுத்தினார். பீடியையும் விடச் சொன்னார், அதுதான் கடினமாக இருந்தது.

சார்பிட்ரேட் இன்றும் சட்டைப்பையில் உண்டு. அதை உட்கார்ந்துகொண்டுதான் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் இரத்த அழுத்தம் இறங்கி மயக்கம் வரலாம். ஆண்மைக்குறைவுக்குத் தரும் சில்டெனாஃபில் சாப்பிடுகிறவர் அதைத் தொடவே கூடாது. டில்டியாசெமால் மலச்சிக்கல் வந்தபோதும் நானாக நிறுத்தவில்லை, திடீரென விட்டால் சுருக்கம் திரும்பக்கூடும் என்று முன்பே எச்சரித்திருந்தார்கள்.