ஆறாவது வாரம்: ஒரு கிளாக்கோமா டியூபின் நாட்குறிப்பு

புதுச்சேரி, ஆகஸ்ட் 4, 2025, திங்கள்

நாளை டியூப், அதாவது நீர் வடியும் குழாய், வைக்க வேண்டிய கண்ணுக்குக் கிளாக்கோமா: கண்ணுக்குள் அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பைக் கெடுக்கும் நோய். முன்பே டிராபெக்யூலெக்டமி, அதாவது நீர் வடிய வெள்ளைவிழியில் வழி வெட்டும் ஆபரேஷன், ஆகியிருக்கிறது. வெட்டிவிட்ட வழி தழும்பேறி அடைத்துக்கொண்டது. சொட்டு மருந்து மூன்று வகை போட்டும் கண்ணின் பிரஷர் 30, அதிகம்தான்.

தேவனாம்பட்டினத்து மீனவப் பெரியவர். "கண்புரை ஆபரேஷனோடயே குட்டி ஸ்டென்ட் வைக்கிறாங்களாமே, அது போதாதா?" என்று மகன் கேட்டார். நியாயமான கேள்வி. அப்படியொரு ஸ்டென்டான ஐஸ்டென்ட் இன்ஜெக்ட் 0.36 மில்லிமீட்டர் நீளமே உள்ள டைட்டானியத் துண்டு. கண்ணுக்குள் ஊறும் நீரை, கண்ணின் இயற்கை வடிகாலான ஷ்லெம் கால்வாய்க்குள் விடும். அங்கிருந்து நீர் வெள்ளைவிழி மேலுள்ள சிரைகளுக்குப் போவதால், அந்தச் சிரைகளின் அழுத்தத்துக்குக் கீழே பிரஷர் இறங்காது. கருவிழிக்கும் (கண்ணின் முன்பக்கத் தெளிவான படலம்) அதன் பின்னுள்ள நிறமான கருவிழித்திரைக்கும் இடையே நீர் வடியும் கோணம் திறந்திருந்து, நோய் ஆரம்ப நிலையிலோ நடுநிலையிலோ இருப்பவர்களுக்குத்தான் அது பொருந்தும். இந்தக் கண்ணுக்குப் போதாது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

வைத்தது மதுரை ஆரோலேப் தயாரிக்கும் ஏஏடிஐ என்ற வடிகால் கருவி. 350 சதுர மில்லிமீட்டர் சிலிக்கோன் தட்டு, அதிலிருந்து ஒரு குழாய். வால்வு கிடையாது. அப்படியே திறந்து விட்டால் முதல் இரவே பிரஷர் சரிந்து கண் தளர்ந்து போகும். அதனால் தட்டை ஒட்டி தானே கரையும் 6-0 விக்ரில் நூலால் குழாயை இறுக்கிக் கட்டுகிறோம். கட்டியபின் குழாய் முனையில் கேனுலா (மொட்டை ஊசி) வைத்து சலைன் தள்ளிப் பார்க்க வேண்டும். ஒரு துளி கசிந்தாலும் அவிழ்த்து மறுபடி கட்டு. இந்த ஒரு நிமிடத்தை மிச்சப்படுத்தவே கூடாது.

தட்டின் இரு சிறகுகளும் கண்ணை அசைக்கும் மேல்தசைக்கும் வெளித்தசைக்கும் அடியில் போகும். முன்விளிம்பு கருவிழி ஓரத்திலிருந்து 8 முதல் 10 மில்லிமீட்டர் தள்ளி. குழாய் கண்ணுக்குள் போக வழி போட 23 கேஜ் ஊசி, கருவிழித்திரைக்கு இணையாக. ஊசி முன்னே சாய்ந்தால் குழாய் கருவிழியின் உள்ளடுக்கை உரசி, வருடக்கணக்கில் செல்களைத் தின்னும். பின்னே சாய்ந்தால் திரை வந்து வாயை அடைக்கும். குழாய் முனை சாய்வெட்டாக, வாய் மேல்நோக்கி, உள்ளே 2 முதல் 3 மில்லிமீட்டர். குழாய்மேல் தானமாக வந்த வெள்ளைவிழித் துண்டு வைத்துத் தைத்து மூடினோம். அது இல்லாவிட்டால் இமை உரசி உரசிக் குழாய் வெளியே தெரியும், கிருமி உள்ளே போகும்.

ஆகஸ்ட் 6, புதன்

பிரஷர் 26. வீட்டார் முகம் வாடியது. ஆபரேஷன் தோற்கவில்லை, குழாய் கட்டித்தான் இருக்கிறது. பிரஷர் மருந்தை நிறுத்தக் கூடாது. பலர் இங்கேதான் தவறுகிறார்கள்: ஆபரேஷன் முடிந்ததே, சொட்டு எதற்கு என்று விட்டுவிடுவார்கள்.

ஆகஸ்ட் 13, புதன்

தையல் சரி. கசிவு இல்லை. ஸ்டீராய்டு சொட்டு தொடர்கிறது.

செப்டம்பர் 9, செவ்வாய்

ஐந்து வாரம் முடிந்தது. இதற்குள் தட்டைச் சுற்றி ஒரு நார்ப்பை வளர்ந்திருக்கும். இனி நீரை மெதுவாக விடும் தடை அந்தப் பைதான். அது வளரும்வரை காத்திருக்கத்தான் கட்டு. விக்ரில் கரைந்து கட்டு எந்த நாளும் விட்டுப்போகலாம்.

"ஐயா, பார்வை திடீர்னு மங்கினாலோ வலிச்சாலோ மறுநாள் பஸ்ஸுக்குக் காத்திருக்காதீங்க, அன்னைக்கே வந்துடுங்க" என்று சொல்லி, சீட்டிலும் பெரிய எழுத்தில் எழுதினோம்.

செப்டம்பர் 15, திங்கள்

கட்டு விட்டுவிட்டது. பிரஷர் 7. முன்னறை (கருவிழிக்கும் கருவிழித்திரைக்கும் இடையுள்ள இடம்) ஆழம் கொஞ்சம் குறைவு, ஆனால் குழாய் கருவிழியைத் தொடவில்லை. பிரஷர் சொட்டுகளை உடனே நிறுத்தினோம். அவற்றைத் தொடர்ந்தால் கண் இன்னும் தளரும், விழித்திரைக்குப் பின்னால் நீர் கோக்கும். பாப்பாவை விரிக்கும் அட்ரோபின் சொட்டு சேர்த்து, ஸ்டீராய்டைக் கூட்டினோம். குனிந்து பாரம் தூக்க வேண்டாம், மூச்சுப் பிடித்து முக்க வேண்டாம். மூன்று நாளில் மறுபடி வர வேண்டும்.

செப்டம்பர் 18, வியாழன்

பிரஷர் 11, முன்னறை ஆழமாகிவிட்டது. எத்தனை நாள் தாங்கும் என்று மகன் கேட்டார். முன்பே ஆபரேஷன் ஆன கண்களில் இதே அளவுத் தட்டை டிராபெக்யூலெக்டமியோடு ஒப்பிட்ட ஓர் ஆய்வில், 5 ஆண்டில் தோல்வி டியூபுக்கு 29.8 சதவீதம், டிராபெக்யூலெக்டமிக்கு 46.9. இதை மறைக்காமல் சொன்னோம். போன பார்வை திரும்பாது என்பதையும் சொன்னோம். வலை இழுக்கப் போவதைப் பற்றி அடுத்த மாதம் பேசலாம். கண்ணைக் கசக்குவது மட்டும் எப்போதுமே கூடாது.