ஏறிய கியரிலேயே இறங்கு

நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் ஆறு ஆண்டுகள் வெல்டராக இருந்தேன். எத்தனையோ கேபின்களுக்குப் பற்றவைத்திருக்கிறேன். வேலை முடிந்த லாரியை வேறொருவர் வந்து ஓட்டிப் போகும்போதெல்லாம் நானும் ஓட்ட வேண்டும் என்ற ஆசை கூடிக்கொண்டே போனது.

கனரக வாகனத்துக்கு எல்.எல்.ஆர். எனும் பழகுநர் உரிமம் கேட்க வயது 20 நிறைந்திருக்க வேண்டும், கார் உரிமம் எடுத்து ஓராண்டு ஆகியிருக்க வேண்டும். இரண்டும் எனக்குச் சரியாக இருந்தன. மருத்துவச் சான்றிதழான 1-ஏ படிவத்துக்காக மருத்துவர் கண்ணைச் சோதித்தார். சிவப்பு, பச்சை பிரித்துத் தெரிகிறதா, 25 மீட்டரில் நம்பர் பிளேட்டைப் படிக்க முடிகிறதா என்று பார்த்தார். எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும் என்ற விதி 2019-ல் நீக்கப்பட்டிருக்காவிட்டால், ஏழாம் வகுப்போடு நின்றுவிட்ட எனக்கு இந்தத் தொழிலே இல்லை.

முதலில் சேர்ந்த பயிற்சிப் பள்ளியில் முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டு, நான்கு நாள் மட்டும், நாளுக்குப் பத்து நிமிடம் மைதானத்தைச் சுற்ற விட்டார்கள். "பயிற்சி முடித்ததற்கான சான்றிதழ், படிவம் 5 தந்துவிடுகிறோம், அது போதாதா?" என்றார்கள். விதிப்படி 30 நாளுக்குக் குறையாத பயிற்சி, அதில் 15 மணி நேரம் நம் கையில் ஸ்டியரிங் இருக்க வேண்டும். பத்துச் சக்கர லாரி ஒன்று லோடுடன் 28.5 டன் வரை போகலாம். அதை நாற்பது நிமிடப் பழக்கத்தோடு சாலையில் இறக்கச் சொல்வது கொலைக்குச் சமம் என்று இன்றும் நினைக்கிறேன். பணம் போனது போகட்டும் என்று வெளியே வந்துவிட்டேன்.

அடுத்துக் கிடைத்த மாஸ்டர் முப்பது ஆண்டு லாரி ஓட்டியவர். முதல் நாள் வண்டியை நகர்த்தவே விடவில்லை. இன்ஜினைப் போட்டுவிட்டு, "காற்று ஏறுகிறதா என்று முள்ளைப் பார் கண்ணு" என்றார். காற்றழுத்தத்தில் வேலை செய்யும் ஏர் பிரேக் வண்டியில் டேங்கில் காற்று நிரம்பாமல் ஹேண்ட் பிரேக் விடாது; ஓடும்போது காற்று குறைந்தால் பஸர் அலறும், அதற்கும் கீழே போனால் பிரேக்கில் உள்ள ஸ்பிரிங் தானாகவே பின்பக்கச் சக்கரங்களைப் பிடித்துவிடும். பிரேக்கை அடிக்கடி மிதித்தால் முள் எப்படி இறங்குகிறது என்று நிற்கும் வண்டியிலேயே காட்டினார். அந்த அரைமணி நேரம் போல வேறெதுவும் எனக்குப் பயன்பட்டதில்லை.

அதன்பின் திருப்பம். பின் சக்கரங்கள் முன் சக்கரத் தடத்தில் வருவதில்லை, உள்பக்கம் ஒடுங்கி வரும். இடப்பக்கக் கண்ணாடியைப் பார்க்காமல் ஒடித்தால், அந்த இடைவெளியில் நுழைந்த இருசக்கர வாகனக்காரர் கதி என்ன? கண்ணாடியைப் பார்க்க மறந்த ஒவ்வொரு முறையும் மாஸ்டர் தன் பக்க பிரேக்கை மிதித்து வண்டியை நிறுத்திவிடுவார், பேசமாட்டார். ரிவர்ஸ் பழக எட்டு நாள் ஆனது.

தேர்வில் பிரேக் இன்ஸ்பெக்டர் ரிவர்ஸ் எடுக்கச் சொன்னார், எடுத்தேன். மேட்டில் நிறுத்தி மறுபடி கிளப்பச் சொன்னார். கிளட்ச் பிடிப்பதற்கு முன்பே ஹேண்ட் பிரேக்கை விட்டுவிட்டேன். வண்டி ஓரடி பின்னால் உருண்டது. தேர்ச்சி இல்லை என்று எழுதிவிட்டார். அது நியாயம்தான், பின்னால் ஒரு கார் நின்றிருந்தால்? 7 நாள் கழித்துத்தான் மறுபடி போக முடியும். ஏழு நாளும் காலையில் அந்த ஒன்றையே பழகினேன், இரண்டாம் முறை தேர்ச்சி பெற்றேன். ஐந்தாண்டுக்குச் செல்லும் உரிமம் வந்தபோது அம்மாதான் முதலில் வாங்கிப் பார்த்தார்.

தொழிலை இரண்டாவது டிரைவராகத்தான் தொடங்கினேன். தாவணகெரேயிலிருந்து கோழித் தீவனத்துக்கு மக்காச்சோளம் ஏற்றி வந்தோம். தருமபுரி தாண்டி, தொப்பூர் கணவாய் இறக்கத்துக்கு முன் பெரிய டிரைவர் அண்ணன் ஓரமாக நிறுத்தி, ஸ்டியரிங்கை என்னிடம் தந்தார். "இதே மேட்டை எந்த கியரில் ஏறுவாயோ அதே கியரில் இறங்கு. நியூட்ரல் நினைப்பே வரக்கூடாது."

டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் இறங்குபவர்கள் இருக்கிறார்கள். அப்போது இன்ஜின் வண்டியைப் பிடிக்காது. பாரம் முழுவதும் பிரேக் மேல் விழும், டிரம் சூடேறி பிடிப்பு போய்விடும். தாழ்ந்த கியரில், புகை வெளியேறும் வழியை அடைத்து இன்ஜினாலேயே வேகத்தைக் குறைக்கும் எக்சாஸ்ட் பிரேக்கைப் போட்டுக்கொண்டு நத்தை போல இறங்கினேன். பின்னால் ஹாரன்கள் ஓயவில்லை. காற்று முள் மட்டும் இருந்த இடத்திலேயே நின்றது.

கீழே வந்ததும் அண்ணன் என்னை இறங்கி டிரம்களைப் பார்த்து வரச் சொன்னார். புறங்கையை அருகே கொண்டுபோய்ப் பார்த்தேன். ஆறு இடத்திலும் இளஞ்சூடுதான். தார்ப்பாய்க் கயிற்றையும் ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு ஏறி உட்கார்ந்தேன்.