இரண்டாம் நம்பர் கன்ட்ரோலர்

பிப்ரவரி 8

ஃபேமிகாம் என்ற பழைய நிண்டெண்டோ வீடியோ கேம் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கிவிட்டேன். வெள்ளை பிளாஸ்டிக் எல்லாம் மஞ்சளாகிவிட்டது, சிவப்பு மட்டும் அப்படியே இருக்கிறது. ஆஸ்பத்திரியில் இருக்கும் அண்ணனுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். "வயர் நல்லா இருக்கா பாரு" என்று மட்டும் பதில் வந்தது. நன்றாகத்தான் இருக்கிறது.

பிப்ரவரி 9

மரியோ கேசட் எடுக்கவில்லை. சின்ன வயதில் ஃபூ ஃபூ என்று ஊதிவிட்டுச் செருகுவோம். உண்மையில் ஊதியதால் ஓடியதில்லை, கழற்றி மறுபடி செருகியதால்தான் ஓடியது. ஊதினால் வாயின் ஈரம் பட்டுத் தகடு அரிக்கும். இன்று ஊதவில்லை. பஞ்சுக் குச்சியை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் தொட்டு, அறுபது பின்னையும் ஒவ்வொன்றாகத் துடைத்தேன். ஒரு பக்கம் முப்பது, பின்பக்கம் முப்பது. முதல் குச்சி கறுப்பாக வந்தது, அடுத்தது பழுப்பு. குச்சி வெள்ளையாகவே வரும்வரை விடவில்லை. தங்க நிறம் கோடு கோடாக வெளியே தெரிய ஆரம்பித்தது. ஆஸ்பத்திரியில் அண்ணன் அறை வாசலில் கைக்குத் தடவச் சொல்லும் திரவத்திலும் இதே வாசனைதான்.

பிப்ரவரி 10

ஓடுகிறது!

பிப்ரவரி 11

கைப்பேசியை டிவிக்கு எதிரே சாய்த்து வைத்து வீடியோ கால் போட்டேன். பழைய டிவி என்பதால் கேமராவில் கறுப்புப் பட்டை ஓடிக்கொண்டே இருக்கிறது. பரவாயில்லை என்றான். அவன் சொல்லச் சொல்ல முதல் கன்ட்ரோலரில் நான் ஆட வேண்டும், அது அவன் ஆட்டம். அப்புறம் இரண்டாவதை எடுத்தால் என் ஆட்டம்.

"அந்த மேகத்தையும் கீழே புதரையும் பாரு. ரெண்டும் ஒரே படம், நிறம்தான் வேற" என்றான். 1985-இல் மொத்த ஆட்டத்தையும் 40 கிலோபைட்டுக்குள் அடக்கியிருக்கிறார்கள், முப்பத்திரண்டு கட்டங்களையும் கோஜி கோண்டோவின் பாட்டையும் சேர்த்து. இதை எனக்குப் பத்து வயதிலிருந்தே சொல்லிக்கொண்டிருக்கிறான். இன்று முழுக்கக் கேட்டேன். இன்னும் ஒருமுறை சொல்லச் சொல்லியும் கேட்டேன்.

பிப்ரவரி 12

அவனுக்கு வாந்தி. வீடியோ கால் இல்லை.

பிப்ரவரி 13

ராத்திரி முழுக்க ஒரே யோசனை. இரண்டு பேர் ஆட்டம் என்று பெயர்தானே தவிர, மரியோவில் இரண்டு பேரும் சேர்ந்து ஆட முடியாது. அவன் மரியோ, நான் லூயிஜி. மரியோ செத்தால்தான் லூயிஜிக்கு முறை வரும். அவன் லேசில் சாக மாட்டான். 1-2-இல், அதாவது முதல் உலகத்தின் இரண்டாம் கட்டத்தில், செங்கல் கூரைமேல் ஏறி ஓடி, வார்ப் குழாயில் இறங்கி, நேராக நான்காம் உலகத்துக்குப் போய்விடுவான். நான் என் கன்ட்ரோலரை மடியில் வைத்துக்கொண்டு "செத்துப்போ, செத்துப்போ" என்று முணுமுணுத்துக்கொண்டே இருப்பேன். குழியில் விழுந்தால் கைதட்டுவேன். எல்லாப் பிள்ளைகளும் சொல்கிற பேச்சுதான், அம்மாவும் அப்படித்தான் சொல்கிறாள். ஆனாலும் அந்தச் சொல் இப்போது வாயில் வரமாட்டேன் என்கிறது. நேற்று முன்தினம் மரியோ ஆமைமேல் மோதியதும் "செத்துட்டான், உன் டர்ன்" என்று சர்வ சாதாரணமாகச் சொன்னான். எனக்குக் கன்ட்ரோலரை எடுக்கவே கை போகவில்லை.

இன்னொன்றும் உண்டு. ஃபேமிகாமில் இரண்டாவது கன்ட்ரோலருக்கு ஸ்டார்ட் பட்டனே கிடையாது. என் ஆட்டமாகவே இருந்தாலும் அதை நிறுத்திவைக்க அவன்தான் அழுத்த வேண்டும். "அண்ணா, ஸ்டாப் பண்ணு" என்று கத்திவிட்டுத்தான் தண்ணீர் குடிக்கப் போவேன். ஒருநாளும் விளையாட்டு காட்டியதில்லை, கேட்ட உடனே நிறுத்துவான்.

பிப்ரவரி 15

3-1-இன் கடைசிப் படிக்கட்டு. ஆமை இறங்கி வரும்போது அதன் ஓட்டைப் படியோடு சேர்த்து மிதித்துக்கொண்டே இருந்தால் உயிர் ஏறிக்கொண்டே போகும். அவனுக்கு அது தூக்கத்திலும் வரும். எனக்குக் கால் இடம் தவறுகிறது. "இன்னும் கொஞ்சம் இடப்பக்கம், இப்போ விடு" என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தான். கடைசியில் வந்துவிட்டது. டிங் டிங் டிங் என்று அந்தச் சத்தம்.

"போதும், நிறுத்து" என்றான். 127-ஐத் தாண்டினால் கணக்கு மைனஸுக்குப் போய்விடுமாம், அதன்பின் ஒருமுறை செத்தாலே கேம் ஓவர். எனக்கு நிறுத்த மனமே இல்லை.

பிப்ரவரி 16

இன்றிலிருந்து எனக்கு ஊசி, அண்ணனுக்குக் கொடுக்க வேண்டிய ஸ்டெம் செல்கள் என் எலும்பு மஜ்ஜையில் பெருக.

பிப்ரவரி 18

இடுப்பெலும்பு குடைகிறது, நெஞ்செலும்பும். உள்ளே நன்றாக வேலை நடக்கிறது என்பதற்கு இதுதான் அடையாளமாம். சரி, குடையட்டும்.

படுக்க முடியாமல் கான்ட்ரா என்ற துப்பாக்கி ஆட்டத்தைப் போட்டேன். மேல் மேல் கீழ் கீழ் இடம் வலம் இடம் வலம் பி ஏ, முப்பது உயிர் தரும் ரகசிய வரிசை. விரல் தானாகப் போகிறது. கொனாமி கம்பெனியின் கஜுஹிசா ஹஷிமோட்டோ முதலில் இதை கிரேடியஸுக்காக வைத்தார். அந்த ஆட்டம் கஷ்டமாக இருந்ததால் சோதித்துப் பார்க்க ஒரு குறுக்குவழி தேவைப்பட்டிருக்கிறது. 2020-இல் அவர் இறந்தபோது அண்ணன் எனக்கு அந்தப் பத்து அழுத்தல்களை மட்டும் வரிசையாக டைப் செய்து அனுப்பியிருந்தான்.

கான்ட்ராவில்தான் நாங்கள் பக்கத்தில் பக்கத்தில் ஓடினோம். அவன் நீலம், நான் சிவப்பு. முப்பது உயிரையும் நான் அருவிக் கட்டத்துக்குள்ளேயே தொலைத்துவிடுவேன். தீர்ந்த பிறகு பட்டனை அழுத்தினால் அடுத்தவர் கணக்கிலிருந்து ஒன்று எடுத்துக்கொள்ளலாம். நான் கேட்காமலே எடுப்பேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று அவனுடையது குறைந்துகொண்டே போகும். அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் "எடுத்துக்கோ" என்பான். தீர்ந்துபோய் இரண்டு பேரும் ஒன்றாக நின்ற நாட்கள் நிறைய.

இதை அவனிடம் சொல்லலாமா என்று பார்த்தேன். சொல்லவில்லை. அவனுக்கு ஞாபகம் இல்லாமலா இருக்கும்?

பிப்ரவரி 20

ஸ்டெம் செல் எடுத்தாயிற்று. ஒரு கையில் ஊசி, மறு கையிலும் ஊசி, நாள் முழுக்க மெஷின் சத்தம். பை ரொம்பச் சின்னது. சாயங்காலமே அவனுக்கு ஏற்றிவிட்டார்கள். கண்ணாடிக்கு அந்தப்புறமிருந்து கட்டைவிரலை ஆட்டிக் காட்டினான், பட்டன் அழுத்துகிற மாதிரி.

பிப்ரவரி 21

தூங்கினேன்.

பிப்ரவரி 24

அவனுக்கு வாய் முழுக்கப் புண், பேச முடியவில்லை. டைப் செய்கிறான். "குதி" என்று எழுத்து வருவதற்குள் மரியோ குழிக்குள் போய்விடுகிறான். அப்புறம் நானே பார்த்துக் குதிக்கிறேன், அவன் பின்னாலேயே "ம்" என்று அனுப்புகிறான்.

என் கன்ட்ரோலரில் ஸ்டார்ட்டுக்குப் பதிலாக ஒரு மைக் இருக்கிறது. குட்டித் துளைகள், பக்கத்தில் ஒலி கூட்டும் தள்ளுபட்டை. 1986-இல் டிஸ்க்கில் வந்த செல்டாவின் ஜப்பானியப் பதிப்பில் முயல் காது வைத்த ஒரு அரக்கன் உண்டு. மைக்கில் கத்தினாலே செத்துப்போவான். எங்களிடம் அந்த ஆட்டம் இல்லை. இருந்தும் எல்லா ஆட்டத்திலும் அதில் கத்திக்கொண்டிருப்பேன். இன்றும் கத்தினேன். அம்மா ஓடிவந்து பார்த்துவிட்டுப் போனாள்.

பிப்ரவரி 26

அவனுக்குக் காய்ச்சல் 102.

பிப்ரவரி 27

காய்ச்சல். கேசட் வெளியே தள்ளும் அந்த நெம்பை முன்னால் தள்ளுவதும் விடுவதுமாக உட்கார்ந்திருந்தேன். டக், டக். கேசட்டைக் கையாலேயே உருவிவிடலாம், அந்த நெம்பு அவசியமே இல்லை. குழந்தைகள் தட்டி விளையாடட்டும் என்றுதான் உவேமுரா அதை வைத்தாராம். 1983-இல் வெளிவந்த இந்தப் பெட்டியை வடிவமைத்தவர் அவர். எவ்வளவு அன்பான மனுஷன்.

மார்ச் 2

காய்ச்சல் இறங்கியது. அவன் ரத்த அணு எண்ணிக்கை இன்னும் ஏறவில்லை. தினமும் காலையில் அந்த ஒரு எண்ணுக்காகத்தான் விழிக்கிறோம்.

மார்ச் 4

ஏறவில்லை. காத்திருக்கச் சொல்கிறார்கள். எவ்வளவுதான் காத்திருப்பது? யார்மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. அவன் வேறு நடுராத்திரியில் "எனக்காக ஆடாத, தூங்கு" என்று அனுப்பியிருக்கிறான். யாருக்காக ஆடுவேன் பின்னே!

மார்ச் 6

இன்று குரல் வந்துவிட்டது, கரகரவென்று. முதல் வார்த்தையே "8-1 போலாமா?"

8-1-க்கு நேரம் 300-தான் கொடுத்திருக்கிறார்கள், கட்டமோ நீளம். 100-க்கு வந்துவிட்டால் பாட்டு வேகமெடுக்கும், அதைக் கேட்டாலே எனக்குக் கை தடுமாறும். அதற்குள் கடைசிக் குழியைத் தாண்டிவிட வேண்டும், பி பட்டனை விடாமல் ஓடு என்கிறான். ஏழு மணிக்கு அழைக்கிறேன் என்றான். ஏழரை ஆகிவிட்டது, டாக்டர்கள் உள்ளே இருப்பார்கள் போலிருக்கிறது. ஸ்டார்ட்டை அழுத்தி அப்படியே நிறுத்திவைத்திருக்கிறேன். இதில் சேவ் கிடையாது, அணைத்தால் மறுபடி 1-1-தான்.